பச்சைக் கிட்டாரின் கழுத்தை நான் நிமிர்த்தியது

ஜூலை 31, வியாழக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். ஷெட்டில் நிட்டிங் மெஷின் பதினாறு. ஓடுவது பூஜ்ஜியம். மாதாந்திர மின்தடை, சாயங்காலம் நாலு மணிக்குத்தான் கரண்ட் வரும். ஜெனரேட்டர் போட வேண்டாம், ஆர்டர் அவ்வளவு அவசரமில்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். எனக்கு ஐந்தரை மணி நேரம் சும்மா கிடைத்திருக்கிறது. கடைசியாக எப்போது இப்படிக் கிடைத்தது என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

கண்ணு, எனக்குக் கடிதம் எழுதத் தெரியாது. சர்வீஸ் ரிப்போர்ட் எழுதத் தெரியும்: என்ன பழுது, என்ன காரணம், என்ன செய்தேன், கையெழுத்து. நேரில் சொல்லலாம் என்றால் மூன்றாவது வாக்கியத்தில் என் குரல் ஏறிவிடும், நீ "சரிங்கப்பா" என்று எழுந்து போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். திங்கட்கிழமை நீ சென்னைக்குக் கிளம்புகிறாய். ஒலிப்பதிவு படிக்கப் போகிறவள் கையில் சொந்தமாக ஒரு நல்ல எலக்ட்ரிக் கிட்டார் இருக்க வேண்டும் என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்தோம். அதை எடுக்கப் போன இடத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். அன்றிலிருந்து பதினொரு நாளாக நீ வீட்டில் வாசிக்கவே இல்லை. பழுது அதுதான். காரணத்தைச் சொல்லத்தான் இவ்வளவும்.

பதினாறு மெஷினும் நிற்கும்போது இந்த ஷெட் எப்படி இருக்கும் என்று எனக்கே மறந்துபோயிருந்தது. ஆடிக் காற்று அவிநாசிப் பக்கமிருந்து வந்து கூரைத் தகரத்தை லேசாகத் தூக்கித் திரும்ப வைக்கிறது. ஒவ்வொரு மெஷினுக்கு அடியிலும் பாதி இறங்கிய துணி வெள்ளைக் குழாயாகத் தொங்குகிறது. மேலே குழாய் விளக்கில் ஒட்டியிருந்த பஞ்சு பிய்ந்து, வெயில் விழும் கோட்டுக்குள் வந்து, அங்கேயே நின்றுவிட்டதோ என்று நினைக்கும் அளவுக்கு மெதுவாக இறங்குகிறது. பீகார்க்காரர்கள் இரண்டு பேர் துணி ரோல் மேல் படுத்துத் தூங்குகிறார்கள், ஒருவன் தூக்கத்தில் சிரிக்கிறான். மெஷின் நின்றும் என் காதுக்குள் அந்த ரீங்காரம் நிற்கவில்லை. நீ எட்டாவது படிக்கும்போது அது எந்தச் சுரம் என்று சொன்னாய். லோடு ஏறினால் அரைச் சுரம் இறங்கும் என்றும் சொன்னாய். இருபது வருடமாக அதற்குள்ளேயே நிற்கிற எனக்கு அது வெறும் சத்தம்.

நாலாம் நம்பர் மெஷின் விஷயத்தை உன்னிடம் இதுவரை நான் ஒப்புக்கொண்டதில்லை. உனக்குப் பதினொரு வயது, முழுப் பரீட்சை லீவு. உன் அம்மா கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனதால் உன்னை ஷெட்டுக்குக் கூட்டிவந்து ஆபீஸ் ரூமில் உட்கார வைத்தேன். மத்தியானம் நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய்.

"அப்பா, நாலாம் நம்பர் மிசின் வேற மாதிரி பாடுதுங்க."

"மிசின் எங்கடா சாமி பாடும்? போய்ப் படம் வரை, போ."

"இல்லீங்கப்பா, ஒவ்வொரு சுத்துக்கும் ஒருக்கா விக்குதுங்க."

நான் போகச் சொன்னேன், நீ போனாய். இரண்டு மணி நேரம் கழித்து நாலாம் நம்பர் துணியில் மேலிருந்து கீழ் வரை ஒரு கோடு விழுந்திருந்தது. ஒரு ஊசியின் நாக்கு உடைந்திருந்தது. ஒரு சுற்றுக்கு ஒரு தடவை, நீ சொன்ன மாதிரியே. முதலாளி வந்து கேட்டபோது, "சத்தத்துல கண்டுபிடிச்சனுங்க" என்று நான் சொன்னேன். நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய். குழந்தைக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். அன்றைக்கு உனக்குத் தெரிந்தது எதுவோ, அதுதான் இந்தக் கடிதம் வரை வந்திருக்கிறது. அப்பாவிடம் காதில் கேட்டதைச் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று நீ படித்துக்கொண்டாய்.

அடுத்தது உன்னுடைய முதல் கிட்டார், அந்த மரக் கிட்டார். ஒன்பதாவதில் நீ கேட்டாய். நான் கேட்டது இரண்டே கேள்வி: என்ன பிராண்ட், எவ்வளவு வாரண்டி. உன்னைக் கூட்டிப் போகாமலேயே போய், பெட்டியோடு எடுத்து வந்தேன். பசை ஒட்டியது சரியா, மரத்தில் வெடிப்பு உண்டா என்று மட்டும் பார்த்தேன். ஆறு வருடம் நீ அதில் வாசித்தாய். விரல் நுனியெல்லாம் காய்த்துப்போய், சில நாள் சோறு பிசையும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு இடது கையை மடியில் வைத்திருப்பாய். "கஷ்டப்பட்டாத்தான் வரும்" என்று நான் பெருமையாகச் சொல்வேன். நேற்று நீ உன் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தபோது அதை எடுத்து அளந்தேன். கழுத்தின் நடுவில் கம்பிக்கும் பலகைக்கும் நாலு மில்லிமீட்டர். இரண்டரை இருந்தாலே தாராளம். பத்து நிமிட வேலை. கால் மில்லிமீட்டர் வித்தியாசத்துக்காக மூன்று ஷிப்டும் ஷெட்டில் கத்துகிற ஒரு மெக்கானிக்கின் வீட்டில், அவன் மகள் ஆறு வருடம் தன் விரல்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். விளையாட்டுச் சாமான் என்று நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அளந்தேனே தவிர சரிசெய்யவில்லை. உன்னைக் கேட்காமல் தொட்டது போதும் என்று திரும்ப மாட்டிவிட்டேன்.

பார்க்காமலே விட்டது அந்தத் தடவை. இந்தத் தடவை அதற்கு நேரெதிர். கடைக்குக் கிளம்பும்போதே உன் அம்மா என் பையைப் பார்த்துச் சிரித்தாள். டார்ச், ஸ்டீல் ஸ்கேல், இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ், டையல் கேஜ்.

"ஏனுங்க, நீங்க பாக்கப் போறது கிட்டாருங்களா, நிட்டிங் மிசினுங்களா? அவளப் பாக்க உடுங்க. அப்பறம் ஒண்ணு, ஆடியில புதுசு எடுத்துட்டு வந்து ஊட்டுக்குள்ள வெச்சராதீங்க. பாத்துட்டு வாங்க, பதினெட்டாம் பெருக்கு அன்னைக்கு எடுத்துக்கலாம்."

நம் ஊர் ராயபுரத்தில் மாடிப்படி ஏறிப் போகும் அந்தக் கடை உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு இப்போது அது கனவில் வருகிறது. சுவர் முழுக்கக் கிட்டார்கள் தொங்கின. தெருப்பக்க ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் ஒவ்வொன்றின் வளைவிலும் ஒரு சொட்டாக நின்றது. கடைக்காரர் செல்வின், நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர், சர்ச்சில் வாசிக்கிறவர். வேண்டியதை எடுத்து வாசித்துப் பார் என்று உன்னிடம் சொல்லிவிட்டு, கீபோர்டு பார்க்க வந்த ஒரு குடும்பத்தோடு அந்தக் கோடிக்குப் போய்விட்டார். நீ நாலு கிட்டார் எடுத்தாய். நாலிலும் நான் குறை கண்டுபிடித்தேன், உன்னிடம் ஒன்றும் கேட்காமலே. ஒன்றில் கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் பட்டைகளின் முனை கையைக் கீறியது. ஒன்றில் வால்யூம் குமிழ் திருகும்போது கரகரத்தது. ஒன்று கனம். ஒன்றில் கம்பியை இழுத்துவிட்டால் சுருதி திரும்பவில்லை. நாலும் நியாயமான குறைகள்தான், அதை இப்போதும் சொல்வேன். அதனால் எனக்குத் திமிர் ஏறிவிட்டது.

ஐந்தாவது அந்தப் பச்சை. யாரோ இரண்டு மூன்று வருடம் வைத்திருந்து கொடுத்தது. மழைக்கு முன் கடல் இருக்கும் நிறம், விளிம்பில் கொஞ்சம் பெயிண்ட் போயிருந்தது. நீ அதைச் சத்தம் பெருக்கும் ஆம்ப்பில் செருகவே இல்லை. மடியில் வைத்து, காதை அதன் தோளில் சாய்த்து, தடித்த கம்பியை ஒரு தடவை தட்டிவிட்டு, அது முழுதாக அடங்கும் வரை அப்படியே இருந்தாய். கீழே தெருவில் வண்டி போகிறது, செல்வின் யாரோடோ பேசுகிறார், உனக்கு எதுவும் கேட்கவில்லை. அப்புறம் நிமிர்ந்து, "அப்பா, இதுங்க" என்றாய். சின்ன வயதில் தூங்கி எழுந்து யாரென்று அடையாளம் கண்டு சிரிப்பாயே, அந்த முகம்.

அந்த முகத்தைப் பார்த்தும் நான் டார்ச்சை எடுத்தேன். ஆம்ப்பில் செருகச் சொன்னேன். கம்பிக்கு அடியில் சத்தத்தைப் பிடிக்கும் பிக்கப்பிலிருந்து லேசாக ஒரு இரைச்சல் வந்தது.

"எர்த் சரியில்ல இதுல."

"இல்லீங்கப்பா, இந்த மாதிரி பிக்கப்புல அது இருக்கறதுதானுங்க. அதுவும் அதோட கொரல்தான்."

"கொரலா, கம்ப்ளெயின்ட்டா?"

நீ சிரிக்கவில்லை. நான் ஸ்கேலைக் கழுத்தின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். நடுவில் தலைமுடி அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. கழுத்து வளைந்திருக்கிறது! எனக்கு அது போதும். மேசை மேல் ஆலன் கீ கிடந்தது. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை எங்கே திருகுவது என்று பார்த்தவுடனே தெரிந்தது. "நான் மெக்கானிக், பயப்படாத" என்று சொல்லி கால் சுற்று, இன்னொரு கால் சுற்று, இன்னும் கொஞ்சம். ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் போய்விட்டது. பூஜ்ஜியம். "இப்ப வாசி" என்று கொடுத்தேன். நீ வாசித்தாய். ஒவ்வொரு சுரமும் ஃப்ரெட் பட்டையில் இடித்து, தகர டப்பாவில் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி அதிர்ந்தது. நான், ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல், "பாத்தயா? ஸ்கிராப்பு" என்றேன்.

நீ அதை இரண்டு கையாலும் எடுத்து மாட்டினாய். வண்டியில் வரும்போது ஆஸ்பத்திரி சிக்னலில் சொன்னாய்: "நீங்களே ஒண்ணு எடுத்துட்டு வந்துருங்கப்பா. எனக்கு எதுன்னாலும் சரிங்க." எனக்குச் சந்தோஷமாக இருந்தது, கண்ணு. அதுதான் கேவலம். நீ விட்டுக்கொடுத்ததை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழிந்தது. கிட்டார் பற்றி நீயும் பேசவில்லை, கம்பி மேல் கையும் வைக்கவில்லை. உன் அம்மாதான் தோசை திருப்பிக்கொண்டே சொன்னாள்: "காதுக்குப் படிக்கப் போறவ காதுல கேட்டது தப்புன்னு நீங்களே சொல்லி அனுப்பறீங்க. அப்பறம் அவ அங்க போயி என்னத்த படிப்பா?" எனக்குக் கோபம் வந்தது. செவ்வாய்க்கிழமை சர்வீஸுக்குப் போகிற வழியில் கடைக்கு ஏறினேன். பச்சை கெட்டுப்போன பொருள்தான் என்று செல்வின் வாயால் கேட்டு வந்து உன் அம்மாவிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

செல்வின் என்னைப் பார்த்ததும் எழுந்தார். "அந்தப் பச்சைய முறுக்கினது நீங்கதானா சார்? என்ன பண்ணி வச்சிருக்கீய! நல்லா பாடிட்டு இருந்தவ கழுத்தப் பிடிச்சு நெரிச்சுட்டு, பாடத் தெரியலன்னு சொல்லிட்டுப் போயிருக்கீயளே!"

"கழுத்து வளைஞ்சிருந்துச்சுங்க. நான் நேர் பண்ணினேன்."

"யாரு நேர் பண்ணச் சொன்னா? உக்காருங்க. பேசாதீய. பாருங்க."

கிட்டாரை என் கண் மட்டத்துக்குப் பிடித்து, நான் முறுக்கியதை அவர் திருப்பித் தளர்த்தினார். தடித்த கம்பியை ஒரு தட்டு தட்டினார். ஜன்னல் வெளிச்சம் பின்னால் இருந்தது. கம்பி, கம்பியாகவே இல்லை. இரண்டு முனையிலும் ஒடுங்கி, நடுவில் அகன்று, புகை மாதிரி, தண்ணீருக்குள் பார்க்கிற மாதிரி ஒரு உருவம் அங்கே நின்றது. அது ஆடுவதற்கு நடுவில் இடம் வேண்டும். அந்த இடத்துக்காகத்தான் கழுத்து அந்தத் தலைமுடி அளவு விலகி இருக்கிறது. உருவம் மெதுவாக ஒல்லியாகி, ஒல்லியாகி, மறுபடியும் கம்பியானது. "இன்னொருக்கா" என்றேன். அவர் தட்டினார். போன் அடித்தது, அவிநாசியில் ஒரு மெஷின் நின்றுகிடக்கிறது, நான் எடுக்கவில்லை. எத்தனை தடவை "இன்னொருக்கா" சொன்னேன் என்று தெரியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையும் செய்யாமல் ஒன்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

உன் முன்னால் சொல்ல வெட்கமாக இருக்கும் ஒன்று இருக்கிறது, எழுதிவிடுகிறேன். இதே வேலையை நான் தினமும் செய்கிறேன். ரிப் துணி ஓட்டும் மெஷினில் மேல்தட்டுக்கும் கீழ் உருளைக்கும் நடுவே துணி இறங்க இடம் விட்டுத்தான் பூட்டுவேன். புதிதாக வந்த ஃபிட்டர் ஒருவன் அதை ஒட்ட இறக்கிவிட்டான் என்று அவனை என்ன கத்து கத்தினேன்! அவன் செய்த அதே வேலையை, அவனை விட இருபது வருட அனுபவத்தோடு, நீ ஆசைப்பட்ட பொருளின் மேல் செய்துவிட்டு, பொருளின் மேல் பழி போட்டேன். உனக்கு அந்த இடைவெளி பற்றி அப்போதே தெரியும் என்று நினைக்கிறேன். நான் ஆலன் கீயை எடுத்தபோது உன் கை ஒரு தரம் முன்னால் வந்து, திரும்பிப் போனது. பார்த்தேன். நாலாம் நம்பர் மெஷின் உன் கையைப் பின்னால் இழுத்துவிட்டது.

நல்ல கிட்டார் எது என்று கேட்டால் இன்றைக்கும் என்னிடம் பதில் உண்டு, ஏனென்றால் அளவு பொய் சொல்லாது. கட்டைவிரலைக் கழுத்தின் விளிம்பில் ஓட்டிப் பார், கீறக் கூடாது. கம்பியை நன்றாக வளைத்து விடு, சுருதி வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும். குமிழ்களைத் திருகு, ஒயர் செருகும் இடத்தை ஆட்டு, சத்தம் அறுந்துபோகக் கூடாது. உட்கார்ந்து மட்டும் பார்க்காதே, தோளில் மாட்டி அரை மணி நேரம் நில். ஆம்ப் இல்லாமல் முதலில் கேள். மரமும் கம்பியும் சொல்வதற்கு மேல் ஒரு மின்சாரமும் புதிதாகச் சொல்லாது. ஆனால் இது எல்லாம் தேறிய பிறகும் ஒன்று மிச்சம் இருக்கிறது, அது என் பைக்குள் இல்லை. ஒரு தடவை வெளிநாட்டு பையர் ஒருவர், வயதான ஒரு அம்மா, எங்கள் துணியை வாங்க வந்தார். எடை சரி, சுருக்கம் சரி, எல்லா டெஸ்ட்டும் பாஸ். அவர் ரிப்போர்ட்டைத் திறக்காமல் துணியை எடுத்துக் கன்னத்தில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். "வேண்டாம்" என்றார். எனக்கு ஒரு வாரம் ஆத்திரம் அடங்கவில்லை. அவருடைய கன்னத்துக்குத் தெரிந்ததை எந்த மீட்டரில் பார்ப்பது? நீ அந்தப் பச்சையின் தோளில் காதை வைத்தபோது நீயும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாய்.

என்னைப் பார்த்தால் உன் அண்ணனா என்று பேங்கில் கேட்டார்கள், நீ ஒரு வாரம் சிரித்தாய். இருபது வயதில் கல்யாணம், இருபத்தொன்றில் நீ. எல்லாவற்றிலும் எனக்கு அவசரம், உன்னை வளர்ப்பதிலும். நீ யோசித்து முடிக்கும் முன் நான் முடிவு சொல்லிவிடுவேன், அது உதவி என்று நினைத்தேன். சென்னையில் உன் பக்கத்தில் வேறு யாராவது ஸ்கேலோடு நிற்பார்கள். என்னை விடப் படித்தவர்களாக, என்னை விடப் பொறுமையாகப் பேசுகிறவர்களாக இருப்பார்கள். உன் காதில் ஒன்று கேட்டால், அவர்கள் அளவு வேறு சொன்னால், அளவை மறுபடி எடுக்கச் சொல். முதலில் உன் காதைச் சந்தேகப்படாதே. எதுன்னாலும் சரி என்று மட்டும் யாரிடமும் சொல்லாதே. என்னிடம் சொன்னதே கடைசியாக இருக்கட்டும்.

வெயில் கோடு ஆறாம் நம்பர் மெஷினுக்கு நகர்ந்துவிட்டது. தூங்கியவர்கள் எழுந்து டீ போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆடி பதினெட்டு. சர்ச் முடிந்து மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கடை திறப்பேன் என்று செல்வின் சொல்லியிருக்கிறார். நான் செய்யப்போவது இது:

1. கடிதத்தை இன்று உன் மேசையில் வைப்பேன். படித்தாயா என்று கேட்க மாட்டேன்.

2. ஞாயிற்றுக்கிழமை நீ சொல்லும் நேரத்துக்கு வண்டியை எடுப்பேன். பை கொண்டுவர மாட்டேன்.

3. பச்சையை அதுவரை விற்க வேண்டாம் என்று செல்வினிடம் கேட்டிருக்கிறேன். தனியாக எடுத்து வைக்கவும் வேண்டாம், மற்றதோடு சேர்த்தே மாட்டுங்கள் என்றும் சொல்லியிருக்கிறேன். அது வேண்டுமா என்பது உன் பாடு.

4. மாடிக்கு வர மாட்டேன். எதிரே இருக்கும் பேக்கரியில் உட்கார்ந்திருப்பேன். எவ்வளவு நேரமானாலும் போன் செய்ய மாட்டேன்.

5. நீ கூப்பிட்டால் வருவேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வேன். எனக்குப் பிடிக்காத ஒன்றை நீ எடுத்தால், கடைக்காரருக்கு ஜிபே போடும்போது என் முகத்தைப் பார்க்காதே. அது பழக இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

6. நீ வெறுங்கையோடு படி இறங்கி வந்தால், ஏன் என்று கேட்க மாட்டேன். "பன் சாப்படறயா கண்ணு?" என்று கேட்டு, நாற்காலியை இழுத்துப் போடுவேன்.